ஒட்டுமுன் மெருகை அறிக

கிட்டார் பழுதுபார்க்கும் தொழிலில் என் மேஜைக்கு வரும் வாத்தியங்களுள், கீழே விழுந்து உடைந்தவற்றைக் காட்டிலும் என்னை அதிகம் வருத்துபவை, வாத்தியத்தின் நன்மையைக் கருதி ஒட்டப்பட்ட பொருள்களாலேயே மெருகு கெட்டுப்போனவைதாம். முழங்கை படுமிடத்தில் ஒட்டும் தாங்கியும், பிக் கீறாதிருக்க ஒட்டும் பிளாஸ்டிக் தகடும், ரப்பர்க் கிண்ணங்களால் பக்கப்பலகையைப் பற்றிக்கொண்டு தொடைமீது நிற்கும் தாங்கியும் தம்மளவில் தீங்கானவை அல்ல. எந்த மெருகின்மீது எவ்வளவு காலம் அவை இருக்கின்றன என்பதே கவனிக்கத் தக்கது.

கைவினைஞர்கள் செய்யும் கிளாஸிக்கல் கிட்டார்களில் இன்றும் காணப்படும் பிரெஞ்சு பாலிஷ் என்பது, நம் தேசத்து மரங்களில் வாழும் பூச்சி தரும் அரக்கை ஆல்கஹாலில் கரைத்து, துணிப்பொதியால் மிக மெல்லிய படலங்களாகத் தேய்த்து ஏற்றுவது. அழகில் அதற்கு நிகரில்லை என்பது என் அபிப்பிராயம், ஆனால் உஷ்ணத்திலும் ஆல்கஹாலிலும் அது எளிதில் இளகிவிடும். 1920-களில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரோ, கரைப்பான் ஆவியாவதால் உலர்கிறதேயன்றி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதில்லையாதலால், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் உரிய திரவம் பட்டால் மீண்டும் கரையும். தொழிற்சாலைக் கிட்டார்கள் பலவற்றில் உள்ள பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் அவ்வாறு பிணைந்து இறுகியவை. அவற்றுக்கு அபாயம் குறைவு.

பசையே குற்றவாளி என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது வினைலின் வேலை. வினைல் வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கப்படும் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்ப் பதார்த்தம், மெல்லக் கசிந்து லாக்கருக்குள் புகுந்து, கண்ணாடிபோல் இருந்த மெருகைப் பிசுபிசுக்கச் செய்துவிடுகிறது. கிண்ணங்களுக்கு அடியில் பாதுகாப்புக்கென்று விரிக்கும் மெல்லிய தாளும் பெரும்பாலும் வினைலே ஆகையால், வாசித்து முடித்தவுடன் இரண்டையும் எடுத்துவிடுவதே உத்தமம். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டால் இச்சேதம் துரிதமாகும். மெருகு எதுவாயினும், ஸ்புரூஸ் மேற்பலகை வெளிச்சத்தில் நாளடைவில் பொன்னிறம் ஏறும்போது ஒட்டிய இடம் மட்டும் வெளிறி நிற்கும்.

ஒட்டியதை அகற்றுகையில் அவசரம் கூடாது. கத்தியால் நெம்பினாலும் நேர்மேலாக இழுத்தாலும் மெருகோடு மரநாரும் பெயர்ந்து வரக்கூடும். லாக்கரிலும் பாலியூரித்தேனிலும் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பல் இடுக்கைத் துடைக்கும் நூலை அடியில் செலுத்தி, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பொருள் தானே விடுபடும். பிரெஞ்சு பாலிஷுக்குச் சூடே வேண்டாம். எஞ்சும் பசையைச் சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தாவில் மென்துணியை நனைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, அருகில் நெருப்பில்லாத இடத்தில் துடைக்கலாம். தின்னரையும் நகப்பூச்சு நீக்கியையும் வாத்தியத்தின் அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

மெருகு ஏற்கெனவே இளகியிருந்தால் தேய்க்காமல் காற்றாட விட்டு, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். எளிதில் கெடும் அரக்கும் லாக்கருமே எளிதில் செப்பனிடவும் படுகின்றன, புதுப் பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றுபடுவதால். இறுகிய பாலியெஸ்டரில் தழும்பு தெரியாமல் ஒட்டுப்போடுவது கடினம்.

ஆதலால் கிட்டார் வாங்கும்போதே அதன் மெருகு எதுவென்று செய்தவரிடமோ விற்பவரிடமோ கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.