வரியே இல்லை, கணக்கு எதற்கு?

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டது. ராக்கெட் போகிறதோ இல்லையோ, நிலம் கொடுத்தவர்களிடையே வருமான வரி (ஐ.டி.) ரிட்டர்ன் பற்றிய வதந்திகள் அதற்கு முன்பே பறக்கத் தொடங்கிவிடும்.

நம்பிக்கை: பான் கார்டு இருந்தால் வருடாவருடம் தாக்கல் செய்தே தீர வேண்டும்.

உண்மை: இல்லை. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறைப்படி மொத்த வருமானம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகக் கட்டாயம். பான் கார்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம்பிக்கை: 12 லட்சம் வரை வரி கிடையாது, கணக்கும் வேண்டாம்.

உண்மை: இப்போது அதிகம் பேரை மாட்டிவிடுவது இதுதான். 12 லட்சம் வரை கிடைப்பது வரித் தள்ளுபடி. கணக்குக் காட்டினால்தான் அது கைக்கு வரும். 5 லட்சம் சம்பாதிப்பவர் ஒரு பைசா கட்ட வேண்டாம், ஆனால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

நம்பிக்கை: நிலத்துக்கு வந்த துட்டுக்கு வரி இல்லை, 4 லட்சம் வருமானமும் இல்லை. நமக்கு எந்த வேலையும் இல்லை.

உண்மை: முதல் பாதி பெரும்பாலும் சரி. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி கொடுத்த இழப்பீட்டுக்கு அதன் 96-ஆவது பிரிவு வரிவிலக்கு தருகிறது. நேரடி வரிகள் வாரியமும் 2016-இல் சுற்றறிக்கை விட்டு இதை உறுதிசெய்தது. எந்தச் சட்டப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் உத்தரவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு வேறு, அது ஈனும் வட்டி வேறு. 40 லட்சத்தை 7 சதவீதத்தில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் ஆண்டு வட்டி 2.8 லட்சம். வங்கி 10 சதவீதம், அதாவது 28,000 ரூபாயை முன்கூட்டியே வரியாக (டி.டி.எஸ்.) பிடிக்கும். வருமானம் வரம்புக்குக் கீழேதான். ஆனாலும் 25,000 ரூபாய்க்கு மேல் டி.டி.எஸ். போனால் ரிட்டர்ன் கட்டாயம். 60 வயது நிறைந்தவர்களுக்கு அந்த எல்லை 50,000. ரிட்டர்ன் போட்டால் அந்த 28,000 முழுசாகத் திரும்பி வரும். ஆண்டுத் தொடக்கத்திலேயே 15ஜி படிவம் கொடுத்திருந்தால் வங்கி பிடித்தே இருக்காது. அதை நாமாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு.

சேமிப்புக் கணக்கில் ஒரே ஆண்டில் 50 லட்சம் வந்து விழுந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம்தான்; அது வரிவிலக்குப் பணமா என்று விதி பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவரும், மின்கட்டணம் லட்சத்தைத் தாண்டியவரும் இதே பட்டியலில் வருவார்கள். துபாயிலிருக்கும் மகன் அவன் காசில் டிக்கெட் போட்டு அழைத்தால் அது உங்கள் செலவு ஆகாது.

நம்பிக்கை: கெடு தாண்டிவிட்டது, போட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

உண்மை: கட்டாயப் பட்டியலில் இல்லாமல் பிடித்த பணத்தைத் திரும்பப் பெற மட்டும் போடுபவருக்கு அந்தக் கட்டணமே இல்லை. கட்டாயம் உள்ளவருக்கும் வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய்தான். 2025-26 கணக்கைத் தாமதமாகப் போட 2026 டிசம்பர் 31 வரை நேரம் உண்டு. போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.