சன்ரூஃப் ஒழுகுதா? முதலில் டியூபைப் பாருங்கள்!

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் பழைய கார்களைப் பழுது பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "சன்ரூஃப் ஒழுகுதுப்பா, பீடிங்கை மாத்திடு." நண்பர்களே, எடுத்த எடுப்பில் பீடிங்கில் கை வைக்காதீர்கள்.

பீடிங் தண்ணீரை முழுசாகத் தடுக்காது. அதைத் தாண்டிக் கசியும் நீரை உள்ளே ஒரு தட்டு வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் அதன் 4 மூலைகளிலும் உள்ள டியூப்கள் அதைக் காருக்கு வெளியே இறக்கிவிடும். மரத்தடியில் நிற்கும் காரில் சருகும் மண்ணும் இந்தத் துளைகளை அடைத்துவிடும். ஐப்பசி அடைமழையில் தட்டு நிரம்பி, தலையில் சொட்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். கீழே வடியாத மூலையில் அடைப்பு.

2. மலை ஏறும்போது பின்சீட்டில் சொட்டினால் பின் டியூபையும், இறங்கும்போது முன்னால் சொட்டினால் முன் டியூபையும் சந்தேகப்படுங்கள்.

3. மெல்லிய நைலான் நரம்பை விட்டு அடைப்பை எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் டியூப் உள்ளேயே கழன்றுகொள்ளும்.

4. கண்ணாடி நகரவில்லையா? முதலில் ஃபியூஸ். மோட்டார் சத்தம் கேட்டும் நகராவிட்டால் கேபிளையும் ரெயிலையும் பாருங்கள். ரெயிலில் என்ஜின் ஆயில் விடாதீர்கள், புழுதி ஒட்டும். சிலிகான் கிரீஸ் போதும்.

சீலன்ட் பூசி மூடிவிடுவது வைத்தியமல்ல. டியூப் கசிந்தால் நீர் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும், தரைத்தகடு துருப்பிடிக்கும், வயரிங்கும் கெடும். வண்டிக்காரருக்கு ஆயிரக்கணக்கில் செலவு. நமக்கோ ஒரு டம்ளர் தண்ணீரும் பத்து நிமிஷப் பொறுமையும்தான். காரணத்தைக் கண்டபின் ஸ்பானரை எடுப்போம்!