விளக்கு எங்கே இருக்க வேண்டும்?

நம் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அறைக்கு ஒரு டியூப் லைட். அது எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதை அங்கே வாழப்போகிறவர்கள் முடிவு செய்வதில்லை. வயரிங் பைப் எந்த வழியாகப் போனால் சுருக்கமோ, அங்கே விளக்கு வந்துவிடுகிறது. அதனால் சமையலறையில் விளக்கு முதுகுக்குப் பின்னால் எரிகிறது. சமைக்கிறவர் தன் நிழலிலேயே நின்று காய் நறுக்குகிறார். ஹாலில் உட்கார்ந்து எழுதும் பிள்ளையின் நோட்டில் அவன் தலையின் நிழல் விழுகிறது. இதற்குக் கூடுதல் வாட்ஸில் பல்பு வாங்கி மாட்டிப் பயனில்லை. விளக்கு இருக்கும் இடம் மாறாதவரை நிழலும் மாறாது.

செலவை நினைத்துத் தயங்கியதெல்லாம் பழைய காலம். சோக் வைத்த 40 வாட்ஸ் டியூப், சோக்கையும் சேர்த்து 50 வாட்ஸுக்கு மேல் இழுத்தது. இன்று 20 வாட்ஸ் எல்இடி பட்டி ஏறக்குறைய அதே வெளிச்சத்தைத் தருகிறது. வெள்ளை ஒளி தரும் எல்இடிக்கு அடிப்படையான நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. எல்இடி பல்பின் விலை சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டியது. 10 வாட்ஸ் விளக்கு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 3 யூனிட்தான் ஆகும். ஆகவே ஒரு பெரிய விளக்கின் வேலையை நாலைந்து சின்ன விளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்க இன்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு நோட்டு, ஒரு சாயங்காலம்

கடைக்குப் போவதற்கு முன், இருட்டிய பிறகு வீட்டைச் சுற்றி வாருங்கள். யார், எங்கே, என்ன வேலை செய்கிறார்கள், எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறார்கள் என்று எழுதுங்கள். பாட்டி எந்த நாற்காலியில் பேப்பர் படிக்கிறார், பிள்ளைகள் தரையில் எழுதுகிறார்களா மேஜையிலா, துணி மடிப்பது கட்டிலிலா, மருந்து டப்பா எங்கே இருக்கிறது, பூ கட்டுவது எந்த வாசற்படியில். ஒவ்வொரு இடத்திலும் கையை நீட்டி, அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வேலையின் மீது விழுந்தால் அங்கே தனி விளக்கு வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் உட்காரும் இடத்தை முதல் வரியில் எழுதுங்கள். அறுபது வயதில் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதும் என்று தோன்றுவது அவர்களுக்குப் போதாது. அதே சமயம் கண்புரை தொடங்கியவர்களுக்குக் கூச்சமும் அதிகம். மூடியில்லாத பல்பு கண்ணில் அடித்தால் தவித்துப் போவார்கள். அவர்களுக்கு வேண்டியது தோளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தின் மேல் விழும், ஷேடு போட்ட ஒரு விளக்கு. தாத்தாவும் பாட்டியும் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லும் வீடுகளில் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம்?

வாட்ஸ் என்பது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமென். அது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். நல்ல எல்இடி ஒரு வாட்ஸுக்கு 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 9 வாட்ஸ் பல்பு சுமார் 900, 20 வாட்ஸ் பட்டி சுமார் 2000.

தளத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஹாலில் 20 லூமென், படுக்கையறையில் 10 முதல் 15, சமையலறையில் 35 முதல் 40 என்பது என் கணக்கு. சுவர் வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ இருக்கும் அறைக்கு இது சரி. சிவப்பு ஆக்சைடு தரை, கடப்பாக் கல், கரும்பழுப்பு அலமாரி என்றிருந்தால் அவை ஒளியை விழுங்கிவிடும். கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

என்ன நிறம்?

நம் கடைகளில் பல்பு கேட்டால், எதுவும் சொல்லாமல் எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின், அதாவது நீலம் தட்டிய வெள்ளை. கெல்வின் எண் குறையக் குறைய நிறம் மஞ்சளாகும். 4000 நடுநிலை, 3000 பழைய குண்டு பல்பை ஒட்டிய நிறம். மஞ்சள் விளக்கு என்றாலே மங்கல் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. லூமென் ஒன்றாக இருந்தால் வெளிச்சமும் ஒன்றுதான். 6500இல் நம் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலத் தெரியும். தேக்குக் கதவு செத்துப்போகும். அந்த விளக்குக்கு வீட்டில் ஒரே ஒரு நல்ல இடம்கூட எனக்குத் தெரியவில்லை. வேலை செய்யும் இடங்களுக்கு 4000, ஓய்வெடுக்கும் இடங்களுக்கு 3000 என்று வாங்கினால் போதும். ஒரே அறையில் 6500ஐயும் 3000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிடாதீர்கள். இரண்டும் அழுக்காகத் தெரியும்.

பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருக்கும். சூரிய ஒளியில் பார்ப்பது போலவே நிறங்கள் தெரிகின்றனவா என்பதற்கான மதிப்பெண் அது. 100 முழு மதிப்பெண். 80 சாதாரணம். சமையல் மேடைக்கும், புடவை எடுத்துப் பார்க்கும் பீரோ முன்னாலும், கண்ணாடிக்குப் பக்கத்திலும் 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள்.

மூன்று வகை, ஓர் அறையில்

அறை முழுக்கப் பரவும் பொது வெளிச்சம், வேலை நடக்கும் இடத்தில் விழும் வேலை வெளிச்சம், சுவரையும் மூலையையும் காட்டும் மெல்லிய வெளிச்சம் என மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். இவற்றைச் சேர்ப்பதுதான் மொத்த வித்தையும்.

12க்கு 16 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். 192 சதுர அடி. சுமார் 4000 லூமென் வேண்டும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் நான்கு 7 வாட்ஸ் டவுன்லைட் பொது வெளிச்சத்துக்குப் போதும். அதில் 2800 வந்துவிடும். மீதியைப் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு 5 வாட்ஸ் ஸ்டாண்டு விளக்கு, டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்ட்ரிப், எதிர்ச் சுவரில் ஒரு பிராக்கெட் லைட் என்று பிரியுங்கள். டிவிக்குப் பின்னால் இருக்கும் அந்த மெல்லிய ஒளி அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. இருட்டில் பளீரென்ற திரையை மட்டும் பார்க்கும்போது கண்ணுக்கு வரும் சோர்வு அதனால் குறையும்.

ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீடுகளே அதிகம். அதற்காக வருந்த வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பட்டிகள், ஒவ்வொன்றும் தனி சுவிட்சில் இருந்தால், ஒன்றின் நிழலை மற்றொன்று கரைத்துவிடும்.

இங்கே எல்லாரும் மறக்கும் ஒன்று உண்டு. அது சீலிங் ஃபேன். விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால், ஃபேன் சுற்றும்போது அறை முழுக்க ஒளி படபடக்கும். வெளிநாட்டு வீட்டுப் படங்களைப் பார்த்து டவுன்லைட் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் படங்களில் ஃபேன் இருப்பதில்லை. நம் வழக்கமான 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும். டவுன்லைட்டை ஃபேன் நடுவிலிருந்து குறைந்தது நான்கடி தள்ளி வைத்தால், கீழ்நோக்கி விழும் ஒளி இறக்கையில் படாது. 12 அடி அகல ஹாலில் அது சுவரிலிருந்து இரண்டடி உள்ளே வரும். சுவரில் மாட்டும் பட்டி என்றால் இறக்கையின் மட்டத்துக்குக் கீழே, தரையிலிருந்து ஏழரை அடிக்குள் இருக்கட்டும்.

சமையலறை

பணம் குறைவாக இருந்தால் முதலில் இங்கேதான் செலவழிக்க வேண்டும் என்பேன். நாளின் கடினமான வேலையும், கத்தியும் நெருப்பும் வைத்துச் செய்யும் வேலையும் இங்கேதான் நடக்கின்றன. விடியுமுன்னே எழுந்து, பாதி வெளிச்சத்தில் அரிசியில் கல்லும் பருப்பில் வண்டும் பார்க்கிற கண்களுக்கு வீட்டின் மிக நல்ல விளக்கைக் கொடுக்க வேண்டும்.

பொது விளக்கு ஒன்று இருக்கட்டும். அதற்கு மேல், சமையல் மேடையின் மேல் அலமாரி இருந்தால் அதன் அடிப்பக்கத்தில் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டுங்கள். சுவரை ஒட்டி வேண்டாம். அலமாரியின் முன்விளிம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் காய் நறுக்கும் பலகையின் மேல் நேராக விழும். ஸ்ட்ரிப்பை வெறுமனே ஒட்டாமல் அலுமினிய சானலில் போட்டுப் பால் நிற மூடி மாட்டச் சொல்லுங்கள். அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும். மூடி இருந்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்தாலும் துணியால் துடைத்துவிடலாம். பளபளக்கும் கருப்பு கிரானைட்டில் ஸ்ட்ரிப்பின் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியாமலும் இருக்கும். ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியை அடுப்புக்கு நேர்மேலே வைக்கக் கூடாது. சூடு பட்டால் சீக்கிரம் போய்விடும்.

அலமாரி இல்லையென்றால் சமைக்கிறவருக்கு நேர் எதிரே, மேடையை ஒட்டிய சுவரில், ஜன்னலுக்கு மேலே ஓர் இரண்டடி பட்டி போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். பிளக் வைத்த பட்டிகள் கிடைக்கின்றன. மிக்ஸிக்கு இருக்கும் பிளக் பாயிண்டிலேயே செருகிக்கொள்ளலாம்.

மற்ற இடங்கள்

படுக்கையறையில் நடுவிளக்கு மட்டும் இருந்தால், படுத்திருப்பவரின் கண்ணில்தான் அது அடிக்கும். கட்டிலின் இருபுறமும் தனித்தனி 3000 கெல்வின் விளக்கு வையுங்கள். ஒருவர் படிக்கும்போது மற்றவர் தூங்கலாம். இரவு முழுக்க எரியும் விளக்குக்கு நீலத்தையும் பச்சையையும் தவிருங்கள். நீல ஒளி தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். மஞ்சளோ சிவப்போ நல்லது. பழைய ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு பெயருக்குத்தான் ஜீரோ. உண்மையில் 15 வாட்ஸ் வரை இழுத்தது. இப்போது அரை வாட்ஸ் எல்இடியே போதும். அதைக் கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே வைத்தால் கண்ணில் படாமல் கால் வைக்கும் இடத்தைக் காட்டும்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே ஒரே விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும். இரு பக்கமும் முகத்தின் உயரத்தில் வையுங்கள். மாடிப்படிக்கு இரண்டு முனையிலும் டூ-வே சுவிட்ச் கட்டாயம். பூஜை அறையில் குத்துவிளக்கின் சுடர் 2000 கெல்வினுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே வெள்ளை விளக்கு போட்டால் சுடர் காணாமல் போகும். 2700 கெல்வினில் மிகக் குறைந்த வாட்ஸ் போதும். வாசலுக்கு மழை தாங்கும் ஐபி65 விளக்கு வாங்குங்கள். அங்கேயும் மஞ்சள் நிறமே நல்லது. ஈசல் காலத்தில் வெள்ளை விளக்கை விடப் பூச்சி குறைவாக வரும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பிஐஎஸ் முத்திரை இல்லாததை எடுக்காதீர்கள். எரியவிட்டு, போனின் ஸ்லோ மோஷன் கேமராவில் பாருங்கள். பட்டை பட்டையாகத் துடித்தால் டிரைவர் மட்டம். அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும். முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் சாதாரண எல்இடி பல்பை மாட்டினால் சூடு வெளியேற வழியின்றி ஆயுள் குறையும். பழைய குண்டு பல்புக்குப் போட்ட டிம்மரில் எல்லா எல்இடியும் வேலை செய்யாது. டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டு ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று பார்த்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

பூச்சு வேலைக்கு முன்

புது வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தளம் போடும் முன்பே மேஸ்திரியிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கொடுத்துவிட வேண்டும். பைப்பும் ஃபேன் பாக்ஸும் கான்கிரீட்டுக்குள் போன பிறகு மாற்றுவது பெரும்பாடு. விளக்குக்கான பாயிண்ட்களைக் கொஞ்சம் கூடவே விட்டு வைக்கச் சொல்லுங்கள். இன்று விளக்கு வாங்காவிட்டாலும் மூடி போட்டு வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் லைனில் எவை வரவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பொதுவாக எலக்ட்ரீஷியன் அறைக்கு ஒரு பொது விளக்கைக் கொடுப்பார். கரண்ட் போன நேரத்தில் உண்மையில் தேவைப்படுவது சமையல் மேடை விளக்கும், மாடிப்படி விளக்கும், பெரியவர்களின் கட்டிலோர விளக்கும்தான்.

கட்டி முடித்த வீடு என்றால், சுவரைக் கொத்தும் முன் ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். நீளமான வயரில் ஒரு ஹோல்டரும் பல்பும் இணைத்து, ஒருவர் அதை நினைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளட்டும். வயர் இணைப்பில் டேப் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் அங்கே வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யட்டும். நிழல் விலகும் வரை விளக்கை நகர்த்தி, சரியான இடம் வந்ததும் சாக்பீஸால் சுவரில் குறியுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அந்தக் குறியும், அது எந்த சுவிட்சில் எரிய வேண்டும் என்ற சீட்டும் போதும்.