லேப்டாப் பேட்டரி போச்சுன்னா புது லேப்டாப்பா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் படிங்க



இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டேர்ம் இன்ஷூரன்ஸும் இல்ல. உங்க பையில இருக்கிற லேப்டாப்போட பேட்டரியைப் பத்திப் பேசப் போறோம். "இதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டீங்கன்னா, எனக்கு அந்தச் சம்பந்தம் புரிய 54,000 ரூபாய் ஆச்சு.

ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில நான் டிரெய்னியா இருந்த சமயம். 48,000 ரூபாய்க்கு வாங்கின லேப்டாப்புக்கு 3 வயசு. சார்ஜரைப் பிடுங்கினா 40 நிமிஷம்தான் தாங்கும். கடையில கேட்டேன். "சார், இது ஓல்டு மாடல், பேட்டரி கிடைக்காது. நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, புதுசு எடுத்துக்கோங்க"ன்னாங்க. மாசம் 4,500 வீதம் 12 மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். பழைய லேப்டாப்பைச் சித்தி பையனுக்குக் கொடுத்தேன். அவன் 4,000 ரூபாய்க்குப் புது பேட்டரி மாட்டி, அதே லேப்டாப்பில் 2 வருஷம் படிச்சு, கேம்பஸ் இன்டர்வியூவும் முடிச்சுட்டான்!

அன்னைக்கு எனக்குத் தேவைப்பட்டது லேப்டாப் இல்ல, பேட்டரி.

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம்

- 48,000 ரூபாய் லேப்டாப்பை 3 வருஷத்துல கைவிட்டா, வருஷத்துக்கு 16,000 ரூபாய் செலவு.
- 4,000 ரூபாய்க்கு பேட்டரி மாத்தி 5 வருஷம் ஓட்டினா, மொத்தம் 52,000. வருஷத்துக்கு 10,400 ரூபாய்.

வருஷத்துக்கு 5,600 ரூபாய் வித்தியாசம். இன்னொரு விஷயம், "நோ காஸ்ட்" இஎம்ஐ முழுசா நோ காஸ்ட் கிடையாது. வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லில்தான் வரும். பெரும்பாலும் பிராசசிங் ஃபீஸும் சேரும்.

பேட்டரி ஏன் தேயுது?

நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். 1980-ல ஓசூர்லேர்ந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. இன்னைக்கு அதே பெல்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பெல்ட். ஏத்தர் ஓசூர்லயும், ஓலா எலெக்ட்ரிக் போச்சம்பள்ளியிலும் வண்டி செய்யுறாங்க. ஓலா அங்கேயே பேட்டரி செல்லும் தயாரிக்குது. அந்த ஸ்கூட்டருக்குள்ள இருக்கிறதும், உங்க லேப்டாப்புக்குள்ள இருக்கிறதும் ஒரே குடும்பம்: லித்தியம் அயன். 1991-ல சோனி முதன்முதலா வணிக ரீதியா விற்ற அதே தொழில்நுட்பத்தோட வாரிசுகள்.

இந்த பேட்டரி இரண்டு விதமா தேயும்.

ஒண்ணு, பயன்பாட்டுத் தேய்மானம். இது நம்ம மாசச் செலவு மாதிரி. மொத்தமா 100% சார்ஜ் செலவானா ஒரு சைக்கிள். இன்னைக்கு 50%, நாளைக்கு 50% செலவு பண்ணினாலும் ஒரே சைக்கிள்தான். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் பொதுவா 300 முதல் 500 சைக்கிள் வரை நல்லா உழைக்கும். இப்போதைய மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்ற அளவு 1,000 சைக்கிள்.

இன்னொண்ணு, காலத் தேய்மானம். இது பணவீக்கம் மாதிரி. பீரோவுல சும்மா வச்ச பணத்தோட மதிப்பு குறையுற மாதிரி, சும்மா வச்ச பேட்டரியும் தேயும். எவ்வளவு வேகமா தேயும்ங்கிறதை இரண்டு விஷயம் தீர்மானிக்குது: சூடு, சார்ஜ் அளவு. முழு சார்ஜில் ஒரு செல்லோட வோல்டேஜ் 4.2-ஐத் தொடும். அந்த அழுத்தத்துல உள்ளே வேண்டாத ரசாயன மாற்றங்கள் வேகமா நடந்து, லித்தியம் கொஞ்சம் கொஞ்சமா சிக்கிக்கும். சிக்கினது திரும்பி வராது.

பேட்டரி யூனிவர்சிட்டிங்கிற தளம் தர்ற தோராய அளவைப் பாருங்க. ஒரு வருஷம் சும்மா வச்சிருந்தா மிச்சம் இருக்கிற கொள்ளளவு:

- 25 டிகிரி, 40% சார்ஜ்: 96%
- 25 டிகிரி, 100% சார்ஜ்: 80%
- 40 டிகிரி, 40% சார்ஜ்: 85%
- 40 டிகிரி, 100% சார்ஜ்: 65%

முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்க. 4% போறதுக்கும் 35% போறதுக்கும் நடுவுல இருக்கிறது உங்க பழக்கம் மட்டும்தான்.

இப்போ உங்க டேபிளை யோசிங்க. லேப்டாப் நாள் முழுக்க சார்ஜர்லயே இருக்கு. எப்பவும் 100%. புராசசர் சூடும் சேருது. "நான் பேட்டரியைப் பயன்படுத்தவே இல்லையே, எப்படிப் போச்சு?"ன்னு கேட்கிறவங்க கதை இதுதான்.

செய்ய வேண்டிய 5 விஷயம்

1. 80 சதவீதத்துல நிறுத்துங்க. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விளம்பரத்துல ஃபாஸ்ட் சார்ஜிங் நேரத்தைப் பெரும்பாலும் 80% வரைக்கும்தான் சொல்லுவாங்க, கவனிச்சிருக்கீங்களா? அதுக்கு மேல மெதுவாத்தான் ஏத்த முடியும். லேப்டாப்பிலும் இந்த எல்லையை செட் பண்ண வசதி இருக்கு. லெனோவாவில் வான்டேஜ் ஆப்பில் "கன்சர்வேஷன் மோட்", ஆசஸில் மைஆசஸ் ஆப், டெல்லில் பவர் மேனேஜர் அல்லது பயாஸ், ஹெச்பியின் பல மாடல்களில் பயாஸ் செட்டிங். ஒரு தடவை செட் பண்ணினா போதும், எஸ்ஐபி மாதிரி அது பாட்டுக்கு வேலை செய்யும். கம்பெனி லேப்டாப்னா நீங்களா பயாஸ் பக்கம் போகாதீங்க, ஐடி டீம்கிட்ட கேளுங்க.

2. சூட்டைக் குறைங்க. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கிறதால நமக்கு வானிலை ஒத்துழைக்குது. ஆனா என்.எச். 44-ல கிருஷ்ணகிரி பக்கம் இறங்கினா ஏப்ரல் மே மாசத்து வெயில் வேற ரகம். வெயில்ல நிறுத்தின காருக்குள்ளயும், பைக் சீட்டுக்கு அடியிலும் லேப்டாப்பை விடாதீங்க. பிஜி ரூம்ல மெத்தை மேல வச்சு வேலை பார்த்தா காத்து போற வழி அடைபடும். கீழே ஒரு பலகையோ அட்டையோ வைங்க.

3. ஜீரோ வரைக்கும் இறக்காதீங்க. "முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்"ங்கிறது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான அறிவுரை. லித்தியத்துக்கு 20-லேர்ந்து 80-க்குள்ள இருக்கிறதுதான் சுகம்.

4. லீவுக்கு ஊருக்குப் போறப்போ பாதி சார்ஜ்ல வைங்க. பொங்கல், தீபாவளிக்கு லேப்டாப்பை ரூம்லயே விட்டுட்டுப் போறீங்களா? 50% வச்சு, ஷட் டவுன் பண்ணிட்டுப் போங்க.

5. தினசரிச் சிக்கனம். பிரைட்னஸைக் குறைங்க, தேவையில்லாத டேப்களை மூடுங்க, பேட்டரி சேவரை ஆன் பண்ணுங்க. அத்திப்பள்ளி டோல் நெரிசல்ல கம்பெனி பஸ்ஸுக்குள்ள மாட்டிக்கிட்டு, ஒரு மெயில் அனுப்பியே ஆகணும்ங்கிறப்போ இதோட அருமை தெரியும்.

உங்க பேட்டரியோட "பேலன்ஸ்" பாருங்க

விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்துல பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட்னு ஒரே வார்த்தையா டைப் பண்ணி என்டர் தட்டுங்க. ரிப்போர்ட் எங்கே சேவ் ஆச்சுன்னு அதுவே காட்டும். அதுல இரண்டு எண் முக்கியம்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி. உதாரணமா முதலாவது 50,000, இரண்டாவது 36,000-னா, பேட்டரி ஆரோக்கியம் 72%. மேக்கில் செட்டிங்ஸ், பேட்டரி பகுதியிலேயே தெரியும்.

இதை வாரண்டி முடியறதுக்கு முன்னாடி, 11-வது மாசம் கண்டிப்பா பாருங்க. ஏத்தர் தன் ஸ்கூட்டர் பேட்டரிக்குக் கூடுதல் கட்டணத்துல 8 வருஷம் அல்லது 80,000 கி.மீ. வரை, 70% ஆரோக்கியத்துக்கு வாரண்டி தருது. லேப்டாப்புக்கு 3 வருஷ வாரண்டி வாங்கியிருந்தாலும், பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 வருஷம்தான். சாதாரணத் தேய்மானத்துக்கு மாத்தித் தர மாட்டாங்க. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள பாதியா விழுந்திருந்தா, ரிப்போர்ட்டோட போய்க் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

மாத்தணுமா, புதுசு வாங்கணுமா?

- 70 சதவீதத்துக்கு மேல: எதுவும் செலவு பண்ண வேண்டாம். மேல சொன்ன பழக்கங்களே போதும்.
- 60 சதவீதத்துக்குக் கீழ, மத்தபடி லேப்டாப் நல்லா ஓடுது: பேட்டரி மட்டும் மாத்துங்க. முதல்ல அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல விலை கேளுங்க, அப்புறம் வெளியில ஒப்பிடுங்க. பெங்களூரு எஸ்பி ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறீங்கன்னா, பழைய பேட்டரியோட பார்ட் நம்பரை எழுதிக்கிட்டுப் போங்க. பில், வாரண்டி இரண்டும் இல்லாம வாங்காதீங்க. மாட்டின உடனே கடையிலேயே ரிப்போர்ட் எடுத்து இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கான்னு பாருங்க.
- விண்டோஸ் 11-க்குப் போக முடியாத லேப்டாப்: 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. இந்த லேப்டாப்புக்கு பேட்டரி போடுறதுக்கு முன்னாடி யோசிங்க. இங்கே புதுசு வாங்குறதுல அர்த்தம் இருக்கு.
- டச்பேட் மேல எழும்புது, மூடி சரியா மூடலை: பேட்டரி உப்பிடுச்சு. உடனே ஆஃப் பண்ணி சார்ஜரைக் கழட்டுங்க. இதுல காசு பார்க்காதீங்க, இது தீப்பிடிக்கிற விஷயம். குத்தவோ அமுக்கவோ குப்பையில போடவோ கூடாது, சர்வீஸ் சென்டர்ல ஒப்படைங்க. கம்பெனி லேப்டாப்னா அன்னைக்கே ஐடிக்கு மெயில் போடுங்க. எழுத்துல இருந்தா, வேலையை விடுறப்போ "நீங்கதான் உடைச்சீங்க"ன்னு செட்டில்மென்ட்ல பிடிக்க முடியாது.

கடைசியா ஒண்ணு

நல்லாப் பார்த்துக்கிட்டாலும் எந்த பேட்டரியும் என்னைக்காவது தேயத்தான் செய்யும். அந்த நாளுக்கு இப்பவே தயாராகுங்க. மாசம் 1,000 ரூபாய்க்கு "கேட்ஜெட் ஃபண்ட்"னு தனியா ஒரு ஆர்டி போடுங்க. 4 மாசத்துல பேட்டரிக்கான காசு ரெடி. அதைத் தொடாம 4 வருஷம் விட்டா 48,000 ரூபாய், அதுக்கு மேல வட்டி. அடுத்த லேப்டாப்பை இஎம்ஐ இல்லாம வாங்கலாம்.

ரிப்போர்ட் எடுக்கிறதையும் சார்ஜ் லிமிட் வைக்கிறதையும் ஸ்கிரீன்ல காட்டி நம்ம சேனல்ல வீடியோ போட்டிருக்கோம். இன்னைக்கு ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்பில் அந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துடுங்க. பார்த்துட்டு, இஎம்ஐ விளம்பரத்தைத் திறக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அடுத்த பதிவுல சந்திப்போம்!