கிராமம் காலியாகிறதா?

நம்பிக்கை: கிராமத்தில் ஆளே இல்லை, எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள்.

உண்மை: டீக்கடையில் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். 2001இல் தமிழகக் கிராமங்களில் இருந்தவர்கள் 3.49 கோடிப் பேர், 2011இல் 3.72 கோடி. அதாவது கூடியிருக்கிறார்கள். நகரவாசிகளின் பங்கு 44 சதவீதத்திலிருந்து 48க்கு ஏறியது வாஸ்தவம்தான். ஆனால் அப்படி ஏறியவர்களில் பலர் மூட்டை முடிச்சு கட்டவே இல்லை. நகரத்திலேயே பிறந்த பிள்ளைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இருந்த ஊரையே கணக்கெடுப்பில் நகரப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். 5000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத பிழைப்பு. இந்த மூன்றும் இருந்தால் ஊராட்சியாகவே இருந்தாலும் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. தமிழகத்தில் இவை 2001இல் 111. பத்தே ஆண்டில் 376.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இத்தகைய ஊர்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். விடியுமுன் ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் கம்பெனி பஸ் நிற்கும். நெல் விளைந்த நிலத்தில் பிளாட் கல் நட்டிருப்பார்கள். வீட்டு வரி மட்டும் ஊராட்சிக்குத்தான். பெரும்பாலும் பாதாள சாக்கடை கிடையாது. நகராட்சியாக்கினால் ஊரார் மகிழ்வார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2025 ஜனவரியில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்க அரசு முனைந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று பல ஊர்களில் மறியல் நடந்தது. பலகை மாற்றுவது அரசுக்கும் புதிதல்ல: 2004இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக்கியது, 2006இல் திரும்பவும் பேரூராட்சிகளாக்கியது. ஒரு குடும்பமும் குடிபெயராமலே இத்தனையும் நடந்தது.

நம்பிக்கை: சென்னைதான் எல்லாரையும் இழுத்துக்கொள்கிறது.

உண்மை: சென்னை இல்லை, சென்னையின் ஓரம். 2001 முதல் 2011 வரை பழைய மாநகராட்சி எல்லைக்குள் மக்கள்தொகை ஏறியது சுமார் 7 சதவீதம்தான். அதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் 39, திருவள்ளூர் 35. வாடகைக்கும் மனை விலைக்கும் பயந்தவர்கள் தாம்பரத்தையும் ஆவடியையும் தாண்டிப் போனார்கள். 2011இல் மாநகராட்சி எல்லையையே 174லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். சென்னை திடீரென்று பெருத்ததாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: ஊர் மாறுகிறவர்கள் என்றால் வேலை தேடிப் போகும் ஆண்கள்.

உண்மை: 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊர் மாறியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பெரும்பாலும் கல்யாணமாகிப் போனவர்கள், அதுவும் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண் இந்தக் கணக்கில் தப்பாமல் வந்துவிடுகிறாள். விழுப்புரம் பக்கமிருந்து வந்து, கட்டட வேலை நடக்கிற இடத்தில் தகரக் கொட்டகையில் தங்கி, நடவுக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும் கொத்தனார் பல நேரம் அதில் விழுவதே இல்லை.