மருந்தின் நான்காம் உறுப்பு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுக்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் யாவரும் எதிர்பார்ப்பவையே. நான்காவதாக, நோயாளியின் அருகிலிருந்து மருந்தை உரிய முறையில் கொடுப்பவரையும் அவர் சேர்த்திருக்கிறார். முதல் மூன்றும் இருந்து நான்காவது இல்லையெனில் என்ன நேரும் என்பதை என் பாட்டியிடம் கண்டேன்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் வாழும் பாட்டிக்கு வயது 72. இரத்தக் கொதிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வந்தார். ஒருமுறை ஊருக்கு வந்த மாமா, தனியார் மருத்துவர் ஒருவரிடம் அவரைக் காட்டி, கடையிலும் மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சென்றார். பாட்டி இரண்டையும் விழுங்கினார். சில நாள்களில் கால் வீங்கியது. ஒரு விடியற்காலை தலைசுற்றி வாசலில் விழுந்துவிட்டார். மாத்திரை அட்டைகளை எடுத்துப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. வணிகப் பெயர்தான் வேறு. உள்ளிருந்த மருந்து இரண்டிலும் அம்லோடிபினே. “இது வெள்ள, அது மஞ்ச, வேற வேறன்னு நெனச்சேன்டா கண்ணு” என்றார் பாட்டி. மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். அட்டையைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மருந்து வரும் வழி

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பெற்றது. மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவதால் விலை வெகுவாகக் குறைகிறது. மருந்தின் பொதுப்பெயராலேயே அவை வாங்கப்பெற்று, மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்குச் செல்கின்றன. ஆகவே சிற்றூரின் சுகாதார நிலையமாயினும், திண்டிவனம் அரசு மருத்துவமனையாயினும், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாயினும், அங்கே தரப்படும் மாத்திரைக்கு விலை இல்லை.

5-8-2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இதன்படி மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதிக்கின்றனர். வர இயலாத நோயாளிகளுக்கு மாத்திரையை வீட்டிலேயே தருகின்றனர். பேருந்துக்காக வெயிலில் காத்திருக்க இயலாத முதியோர்க்கு இது பெரும் பேறு அன்றோ?

அட்டையால் வரும் குழப்பம்

முதியோரைப் பெரிதும் குழப்புவது காப்பீட்டு அட்டையே. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தோன்றி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருப்பெற்றது. 2018இல் நடுவண் அரசின் திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். 70 வயது நிறைந்தோர்க்கு, வருமான வரம்பின்றி, 5 இலட்சம் ரூபாய்க் காப்பீடு அளிக்கும் தனி அட்டையை நடுவண் அரசு 29-10-2024இல் தொடங்கியது.

இவ்வட்டைகள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியவை. நாள்தோறும் விழுங்கும் மாத்திரையைக் கடையில் வாங்க இவை உதவா. இவ்வேறுபாட்டை அறியாத முதியவர் மருந்துக் கடையில் அட்டையை நீட்டி, நாணித் திரும்புகிறார்; கையில் பணமின்றி மாத்திரையை நிறுத்தியும் விடுகிறார். கொதிப்பு மாத்திரையை நிறுத்துவதால் உடனே வலி ஏதும் தோன்றாது. ஆனால் கட்டுப்பாடற்ற கொதிப்பு பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ ஒருநாள் வெளிப்படும். அன்று அட்டை செல்லும். ஆயினும் இழந்த கையும் காலும் பழைய நிலைக்கு வருமா?

கடையில் வாங்கியே ஆகவேண்டிய மருந்துகளும் சில உண்டு. அவற்றைக் குறைந்த விலையில் விற்க நடுவண் அரசின் மக்கள் மருந்தகங்கள் உள்ளன. தமிழக அரசும் 24-2-2025இல் 1,000 ‘முதல்வர் மருந்தகங்களை’த் திறந்தது. அங்குப் பொதுப்பெயர் மருந்துகளே மிகுதி. எனவே மருந்துச் சீட்டில் உள்ள வணிகப் பெயருக்கு நேரான பொதுப்பெயரை அறிந்து செல்வோரே முழுப்பயனும் அடைவர்.

அயல்நாட்டு அனுபவம்

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் முதியோர்க்கான மருந்துக் காப்பீடு 2003இல் சட்டமாகி, 1-1-2006 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனங்களின் பற்பல திட்டங்களுள் ஒன்றை முதியவரே தெரிந்தெடுக்க வேண்டியிருந்ததால் படித்தவரும் திகைத்தனர். அவர்களுக்கு இலவசமாக வழிகாட்டும் ஆலோசனை அமைப்புகள் அங்கே மாநிலந்தோறும் செயற்படுகின்றன. செல்வம் மிக்க நாட்டிலும் நான்காம் உறுப்பு தேவைப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

மாணவ நண்பர்களே! இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. எழுத்தறிவும் பொறுமையும் போதும்.

1. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சள் பையில் இட்டு, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒருசேரக் காட்டச் செய்க. இரட்டிப்பு அங்கேயே வெளிப்படும். எதை விடுவது என்பதை அவர்களே கூறவேண்டும், நாம் கூறலாகாது.

2. மாத்திரையின் பொதுப்பெயரையும் வேளையையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுக. படிக்கத் தெரியாதவர்க்குக் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்தால் போதும்.

3. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டுக. ஊருக்கு வரும் தன்னார்வலரின் பட்டியலில் முதியவர் பெயர் உள்ளதா எனக் கேட்டறிக.

4. காப்பீட்டு அட்டையை உடல் நலமாக இருக்கும்போதே பெற்றுத் தருக. சிகிச்சைக்குச் சேருமுன், அம்மருத்துவமனையில் அட்டை செல்லுமா என வினவுக.

5. ஐயம் எழுந்தால் 104 என்னும் அரசு உதவி எண்ணை அழைக்க.

முடிவுரை

இப்பொழுது பாட்டியின் மாத்திரைப் பெட்டியில் ஓர் அட்டைதான் இருக்கிறது. அதன்மேல் நான் வரைந்த சூரியனும் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்குச் செல்லும்போது மீதி மாத்திரைகளை இருவரும் சேர்ந்து எண்ணுகிறோம். அடுத்த தெரு முதியவர் இருவரும் தம் பைகளுடன் எங்கள் திண்ணைக்கு வரத் தொடங்கியுள்ளனர். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரக்கன்று நடுவதோடு, ஒரு மாலைப் பொழுதை இம்மஞ்சள் பைகளுக்கும் ஒதுக்கலாகாதா? மருந்தை அரசு ஊர்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. திண்ணைக்கும் வாய்க்கும் இடைப்பட்ட சிறு தொலைவு நம் பொறுப்பு.