பெரிய வலையும் சிறிய நினைவகமும்
நரம்பு வலைக் குணகங்களைச் சுருக்குதலும் விரித்தலும்

படத்தையும் ஒலியையும் இனங்காணும் கணிப்பொறி முறைகளுள் இன்று முதன்மையாக விளங்குவது நரம்பு வலை ஆகும். இவ்வலை கற்றவை யாவும் குணகங்கள் என்னும் எண்களிலேயே தங்கியிருக்கின்றன. உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய குணகத்தால் பெருக்கி, பெருக்கங்களைக் கூட்டுவதே வலையின் தலையாய வேலை. குணகங்கள் ஆயிரக்கணக்காகவும் இலட்சக்கணக்காகவும் பெருகும்போது அவற்றை எங்கே வைப்பது என்ற வினா எழுகிறது.

திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் 'வேகா' என்ற உள்நாட்டு நுண்செயலி வரிசையை வடிவமைத்துள்ளது. அவ்வரிசையைச் சேர்ந்த செயலியைக் கொண்ட 'தேஜஸ்32' சில்லில் 256 கிலோபைட், அதாவது 2,62,144 பைட் நினைவகம் உண்டு. வலைத்தொடர்பு எட்டாத மீன்பிடி படகிலோ மலைக் கிராமத்திலோ ஒரு கருவி தானே முடிவு செய்ய வேண்டுமாயின், இத்தகைய சிறு இடத்துக்குள்ளேயே அதன் அறிவு முழுவதும் அடங்க வேண்டும். அது எவ்வாறு இயலும் என்பதைக் காண்போம்.

ஓர் எளிய கணக்கு

கையால் எழுதிய ஓர் இலக்கம் 28 வரிசையும் 28 நிரலுமாக 784 புள்ளிகள் கொண்ட படமாக வருகிறது எனக் கொள்வோம். முதல் அடுக்கில் 100 அணுக்கள், இறுதி அடுக்கில் 10 அணுக்கள் இருப்பின் குணகங்கள் 78,400-உம் 1,000-உம் சேர்ந்து 79,400 ஆகும். குணகம் ஒன்றுக்கு வழக்கம்போல் 4 பைட் ஒதுக்கினால் 3,17,600 பைட் வேண்டும். சில்லின் நினைவகம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. செயல்நிரலும் இடைக்கால எண்களும் வேறு இடம் கேட்கும்.

மூன்று வழிகள்

முதலாவது, களைதல். பூச்சியத்தை ஒட்டிய குணகங்கள் விடையை அதிகம் மாற்றுவதில்லை. அவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் பயிற்றுவிப்பர்.

இரண்டாவது, பகிர்தல். நெருங்கிய மதிப்புடைய குணகங்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரே மதிப்பைத் தருவர். 16 மதிப்புகள் கொண்ட அட்டவணை ஒன்றிருந்தால், குணகத்தை எழுதாமல் அதன் அட்டவணை எண்ணை மட்டும் எழுதலாம். அதற்கு 4 பிட் போதும்.

மூன்றாவது, ஹஃப்மன் 1952-இல் வெளியிட்ட குறியீட்டு முறை. அடிக்கடி வரும் எண்ணுக்குக் குறுகிய குறியும், அரிதாக வரும் எண்ணுக்கு நீண்ட குறியும் தருவது இதன் நெறி. இடம் குறையும், ஆனால் குறிகளைப் பிரித்தறியக் காலம் கூடும்.

இம்மூன்றையும் ஒருசேரக் கையாண்டு, 2015-இல் சாங் ஹான் முதலிய ஆய்வாளர்கள் 'அலெக்ஸ்நெட்' வலையை 240 மெகாபைட்டிலிருந்து 6.9 மெகாபைட்டுக்குச் சுருக்கினர். துல்லியம் குறையவில்லை என அவர்கள் காட்டினர்.

நம் வலையில் நான்கில் ஒரு பங்கு குணகங்களே எஞ்சுகின்றன என்போம், அவை 19,850. ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் தருவோம். அதன் முதற்பாதியில், இடையில் விடுபட்ட பூச்சியங்களின் எண்ணிக்கை. மறுபாதியில் அட்டவணை எண். சான்றாக, 0, 0, 0, 0.31, 0, −0.12 என்ற தொடரில், 0.31 அட்டவணையில் 7-ஆவதாகவும் −0.12 இரண்டாவதாகவும் இருப்பின், "3, 7" என ஒரு பைட்டும் "1, 2" என மற்றொரு பைட்டும் போதும். 15-க்கு மேற்பட்ட பூச்சியங்கள் தொடர்ந்து வந்தால், இடையில் நிரப்பியாக ஒரு பூச்சியக் குணகத்தை எழுத வேண்டும். அதற்காக அட்டவணையின் ஓரிடம் பூச்சியத்துக்கு ஒதுக்கப்படும். மொத்தம் ஏறக்குறைய 20,000 பைட். முன்னதில் இது பதினாறில் ஒரு பங்கே.

விரித்தலில் உள்ள இடர்

சுருக்கியதை முழுவதும் விரித்து வைத்துவிட்டுக் கணக்கிடத் தொடங்கினால், அதே 3,17,600 பைட் மீண்டும் தேவைப்படும். பட்ட பாடு வீணாகும். ஆகவே விரிப்பதும் கணக்கிடுவதும் உடனுக்குடன் நிகழ வேண்டும். ஒரு பைட்டை எடுத்து, அது கூறும் அளவு உள்ளீடுகளைத் தாண்டி, அட்டவணையில் மதிப்பைக் கண்டு, பெருக்கிக் கூட்டியபின் அக்குணகத்தை மறந்துவிடலாம். அணுவுக்கு ஒரு கூட்டுத்தொகை மட்டுமே நினைவில் நிற்கும்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. ஒரே அட்டவணை எண்ணுடைய உள்ளீடுகளை முதலில் கூட்டிக்கொண்டு, இறுதியில் குழுவுக்கு ஒருமுறை பெருக்கினால், அணு ஒன்றுக்குப் பெருக்கல்கள் 15-ஐத் தாண்டா.

சிலவற்றை மட்டும் காத்து வைத்து, வேண்டியபோது எஞ்சியதைக் கணித்துக்கொள்ளும் இந்நெறி கேரளத்துக்குப் புதிதன்று. சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டையொட்டி 24 சைன் மதிப்புகளைக் கடபயாதி முறைப்படி எழுத்துகளில் அடக்கினார். இடைப்பட்ட கோணங்களின் மதிப்பை வேண்டும்போது கணித்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை

சுருக்கிய வலையின் மொத்தத் துல்லியம் மாறாதிருக்கலாம். எனினும் அரிதாக வரும் உருக்களில் பிழை கூடக்கூடும். களையப்பட்ட குணகம் அவற்றுக்கே உதவியதாக இருந்திருக்கலாம். இதயத் துடிப்பை ஆராயும் கருவியில் அரிய கோளாறே நாம் தேடுவது. ஆகவே மொத்தச் சராசரியோடு அமையாமல், ஒவ்வொரு வகையையும் தனித்தனியே சோதித்தல் இன்றியமையாதது.

பயிற்சி: 40,000 குணகங்களை, களையாமல், 8 மதிப்புள்ள அட்டவணையால் குறித்தால் எத்தனை பைட் வேண்டும்?

விடை: குணகம் ஒன்றுக்கு 3 பிட், ஆக 15,000 பைட். அட்டவணைக்கு மேலும் 32 பைட்.